புது சைட்ரான்ஸ் ஆல்பங்கள் எல்லாம் ஏன் ஒரே ஆல்பம் மாதிரிக் கேட்கின்றன?

கேள்வி இது: புதிதாக வந்த ஒரு சைக்கடெலிக் டிரான்ஸ் (சுருக்கமாகச் சைட்ரான்ஸ், வேகமான மின்னணு நடன இசை வகை) ஆல்பத்தை எல்லோரும் புகழ்கிறார்கள். முழுதாகக் கேட்டேன், ஒரு டிராக் எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே தொடங்கியது என்றே தெரியவில்லை. கடைசியில் வந்த மெதுவான டிராக் மட்டும் பிடித்தது. கோளாறு என் காதிலா, இசையிலா?

பாதிப் பாதி என்றுதான் சொல்வேன். நீங்கள் 'ஒரே மாதிரி' என்று சொல்வதில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று, இந்த இசையின் இலக்கணம். இன்னொன்று, இசையமைப்பவரின் சோம்பல். முதலாவதை மன்னித்துவிடலாம். இரண்டாவதை மன்னிக்க வேண்டியதில்லை. புகழுரை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டையும் பிரிப்பதே இல்லை.

இலக்கணத்தை முதலில் பார்ப்போம். 'தகதிமி' என்று வேகமாக விடாமல் சொல்லிக்கொண்டே இருங்கள். 'த' விழும் இடத்தில் கிக் டிரம், அதாவது 'டும்' என்று விழும் பெரிய டிரம் அடி. 'கதிமி' மூன்றும் பேஸ், அதாவது கனத்த கீழ்ச் சுரம். சைட்ரான்ஸின் முதுகெலும்பு இவ்வளவுதான். நிமிடத்துக்கு 145 அடி என்ற வேகத்தில் ஒரு 'தகதிமி' முடிய 0.41 நொடி ஆகும். ஒவ்வொரு எழுத்துக்கும் கிடைப்பது நொடியில் பத்தில் ஒரு பங்கு. அதற்குள் கிக் அடித்து, அதன் வால் அடங்கி, பேஸுக்கு வழிவிட வேண்டும். வால் கொஞ்சம் நீண்டாலும் இரண்டும் மோதிக் கலங்கிவிடும். பேஸின் அடிச் சுரம் பெரும்பாலும் 44 முதல் 49 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். அதைவிடக் கீழே போனால் பல ஸ்பீக்கர்களில் கேட்காது, மேலே போனால் கனம் போய்விடும். இந்தக் குறுகிய சந்துக்குள் எல்லோரும் வேலை செய்வதால் எல்லா ஆல்பத்திலும் அடித்தளம் ஒன்றாகத்தான் ஒலிக்கும். ஒரு பாடகர் கச்சேரி முழுக்க ஆதி தாளத்திலேயே பாடினார் என்று யாராவது குறை சொல்வார்களா? அதே கதைதான். இந்தப் பகுதியைக் காது பழகிக் கடந்துவிட வேண்டும். கொஞ்ச நாள் கேட்டால் தானாகக் கடந்துவிடும்.

சரி, அப்படியென்றால் எங்கே வித்தியாசத்தைத் தேடுவது? கிக்கும் பேஸும் அசையாமல் ஓடும்போது மேலே என்ன நடக்கிறது என்பதில்தான்.

நீங்கள் கேட்டது எந்த ஆல்பமாக இருந்தாலும், முதல் டிராக் இப்படித்தான் இருந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். முதல் ஒரு நிமிடம் காற்று வீசும் ஒலி, நீண்ட எதிரொலியில் ஒரு பெண் குரல். பிறகு கிக் இல்லாமல் பேஸ் மட்டும் மங்கலாக எட்டிப் பார்க்கும். எல்லாம் ஒரு கணம் நின்று, கிக் விழும். மூன்றாவது நிமிடம் வரை சின்தசைசரில் பிசிறான சின்னச் சின்ன ஒலிகள் இடமும் வலமும் பாயும். பிறகு பிரேக்டவுன். கிக் போய்விடும், பின்னணியில் ஒரு நீண்ட சுரம் படரும், கனத்த ஆண் குரல் ஒன்று பிரபஞ்சம், பிரக்ஞை, பரிமாணம் என்று ஏதாவது சொல்லும். ஸ்னேர் என்ற கூரிய டிரம் உருளத் தொடங்கி வேகம் கூடும், ஒலி மேலே மேலே ஏறும், ஒரு நொடி மௌனம். பிறகு கிக்கும் பேஸும் மொத்தமாகத் திரும்ப விழும். அதுதான் டிராப்.

அந்த டிராப் விழுந்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பிரேக்டவுனுக்கு முன் இருந்ததற்கும் இப்போது இருப்பதற்கும் என்ன மாறியிருக்கிறது? பேஸின் சுரம் நகர்ந்ததா? முன்னால் துண்டு துண்டாக வந்த ஒலிகள் இப்போது சேர்ந்து ஒரு வடிவம் எடுத்தனவா? நடை நான்கு நான்காக எண்ணும் சதுஸ்ரத்திலிருந்து 'தகிட, தகிட' என்று மும்மூன்றாக எண்ணும் திஸ்ரத்துக்குத் தாவியதா? இப்போது வரும் ஆல்பங்களில் பாதிக்கு மேல் இந்தக் கேள்விக்குப் பதில் 'ஒன்றுமில்லை' என்பதுதான். அதே பேஸ், அதே சுரம், இன்னும் இரண்டு பிசிறு ஒலிகள். ஒன்றரை நிமிடம் ஆர்ப்பாட்டமாகக் கதவைத் திறந்து, அதே அறைக்குள் திரும்ப அழைத்து வருகிறார்கள். உங்களுக்கு டிராக்குகளின் எல்லை தெரியாமல் போனதற்கு முக்கியக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன்.

இப்படி ஆனதற்குப் பின்னால் ஒரு தொழில்நுட்பக் காரணமும் இருக்கிறது. 90களின் முற்பகுதியில் கோவா கடற்கரை இரவுகளில் டிஜேக்கள் வினைல் தட்டுகளைப் பெரிதாக நம்பவில்லை. வெயிலிலும் புழுதியிலும் அவை தாங்காது. அதனால் டாட் எனப்படும் சின்ன டிஜிட்டல் கேசட்டுகளில் இசையைக் கொண்டுவந்தார்கள். டாட் கருவிகளில் பொதுவாக வேகத்தைக் கூட்டிக் குறைக்க முடியாது. எனவே ஓடும் ஒரு டிராக்கின் தாளத்தோடு அடுத்த டிராக்கின் தாளத்தைப் பொருத்திக் கலப்பது நடக்காத காரியம். ஒன்று அடங்கி முடிய வேண்டும், மற்றது தாளமில்லாமல் மெல்ல எழ வேண்டும். ஒவ்வொரு டிராக்குக்கும் தனக்கென்று ஒரு வாசலும் ஒரு முடிவும் தேவைப்பட்டது. ஒன்பது நிமிடம் ஓடும் தனிக் கதையாக அதை அமைத்தாக வேண்டிய கட்டாயம்.

பிறகு சிடி பிளேயர்களும் மென்பொருளும் வந்தன. வேகம் பொருத்துவது ஒரு பொத்தான் வேலையாகிவிட்டது. இப்போது டிஜேக்கு வேண்டியது, முன்னும் பின்னும் எளிதாக ஒட்டவைக்கக்கூடிய துண்டு. தொடக்கத்தில் 32 பார் (ஒரு பார் என்பது நான்கு அடி) கிக்கும் பேஸும், முடிவிலும் அதே போல 32 பார் என்று வைத்துக்கொண்டால், 145 வேகத்தில் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 53 நொடி. ஏழு நிமிட டிராக்கில் இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவான நேரம் இப்படி ஒட்டுப்போடுவதற்கே ஒதுங்கிவிடுகிறது. மேடையில் இது சௌகரியம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அப்படிப்பட்ட ஒன்பது துண்டுகளை வரிசையாக அடுக்கி 'ஆல்பம்' என்று பெயர் வைத்தால், ஹெட்போனில் கேட்பவருக்கு என்ன கிடைக்கும்? அதிலும் மூன்று நான்கு டிராக்குகள் முன்பே சிங்கிளாக வந்தவையாக இருக்கும். வரிசையைக் கலைத்துப் போட்டுக் கேட்டுப் பாருங்கள். எதுவும் கெடவில்லை என்றால், அங்கே ஆல்பம் என்ற ஒன்று முதலிலேயே இல்லை.

ஆல்பம் என்றால் என்ன என்று கேட்பீர்கள். 1995-இல் ஹாலுசினோஜென் என்ற பெயரில் சைமன் பாஸ்ஃபோர்டு வெளியிட்ட 'ட்விஸ்டட்' கேளுங்கள். ஒலி இன்றைய அளவுகோலில் மெலிந்துதான் இருக்கும், பேஸ் இவ்வளவு கூர்மையாக இடிக்காது. ஆனால் ஒரு ஒலி உள்ளே வந்தால் அது வளரும், முறுக்கிக்கொள்ளும், இன்னொன்றாக மாறிய பிறகுதான் வெளியே போகும். ஒவ்வொரு டிராக்குக்கும் தனி முகம் உண்டு. இஸ்ரேலின் ஹைஃபாவிலிருந்து வந்த இன்ஃபெக்டட் மஷ்ரூம் குழுவின் இருவரும் சிறு வயதிலேயே மேற்கத்திய செவ்வியல் பியானோ கற்றவர்கள். 2000-இல் வந்த அவர்களுடைய 'கிளாசிக்கல் மஷ்ரூம்' ஆல்பத்தில் அது தெரியும். மெட்டு நடுவில் வழி மாறும், நாம் எதிர்பார்த்த இடத்தில் இறங்காது. 2003-இல் 'கன்வெர்ட்டிங் வெஜிடேரியன்ஸ்' என்று இரண்டு தட்டுகள் போட்டார்கள். ஒன்று டிரான்ஸ், மற்றது டிரான்ஸுக்கு வெளியே உள்ள எல்லாம். எனக்கு அந்த இரண்டாவது தட்டில் பாதி பிடிக்காது. ஆனாலும் விழுந்தாலும் பரவாயில்லை என்று குதித்தவர்கள் என்ற மரியாதை இருக்கிறது.

மெட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் காதுக்கு இங்கே ஒரு சலுகை உண்டு. கோவா டிரான்ஸ், அதாவது அந்தக் கடற்கரை இரவுகளில் வளர்ந்த ஆரம்பகாலச் சைட்ரான்ஸ், அதன் ஆர்பெஜியோக்களில் (சுரங்களை ஒவ்வொன்றாக அடுக்கி ஓடும் வரிசைகளில்) வரும் ஸ்கேல்கள் நமக்குப் பழக்கமானவை. ஃபிரிஜியன் என்று அவர்கள் சொல்வதன் சுரங்கள் நம் தோடியின் சுரங்களே. ஃபிரிஜியன் டாமினன்ட் என்றால் வகுளாபரணம். டபுள் ஹார்மோனிக் என்றால் மாயாமாளவகௌளை, அதாவது சரளி வரிசை படிக்கும் ராகம். கமகம் எல்லாம் கிடையாது, சுரக்கோவை மட்டும்தான் பொது. இருந்தாலும் அந்தக் காலத்து டிராக்குகளில் ஏழு சுரங்களும் புழங்கின, மேலே ஏறின, சுற்றி வந்தன.

இப்போது? பெரும்பாலான புது ஆல்பங்களில் ஷட்ஜமும் சுத்த ரிஷபமும் மட்டும் வேலை செய்கின்றன. ச-ரி-ச, ச-ரி-ச. அரைச் சுர இடைவெளி ஒரு மிரட்டலான உணர்வைத் தரும் என்பதால் அதை மட்டும் பிழிந்துகொண்டே இருக்கிறார்கள். டிராக் முடிந்து பத்து நிமிடம் கழித்து அதிலிருந்து ஏதாவது ஒரு வரியை முணுமுணுக்க வருகிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் சுரம் இல்லை, ஒலி அலங்காரம் மட்டும்தான் இருந்தது என்று பொருள். மெட்டே வேண்டாம் என்று தீர்மானித்து எழுதும் ஃபாரஸ்ட், டார்க் என்ற சைட்ரான்ஸ் உட்பிரிவுகளுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அங்கே ஒலியின் இழை எப்படி மாறுகிறது என்றுதான் கேட்க வேண்டும்.

இவ்வளவும் சொன்னதால் 'அந்தக் காலம்தான் பொற்காலம்' என்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 90களில் வந்ததில் குப்பையும் ஏராளம். ஆசிட் எனப்படும் ஒரே நெளியும் சின்தசைசர் ஒலியை எட்டு நிமிடம் திருகிக்கொண்டிருந்த டிராக்குகள் எத்தனையோ. அவற்றை யாரும் திரும்பக் கேட்பதில்லை, நல்லது மட்டும் மிஞ்சியிருக்கிறது, அதனால் அந்தக் காலம் முழுக்கத் தங்கமாகத் தெரிகிறது. ஒலித் தரத்தில் இன்றைய ஆட்கள் பல படி மேலே. ஆஸ்ட்ரிக்ஸ் என்ற இசையமைப்பாளர் 2016-இல் வெளியிட்ட 'ஹார்ட்' ஆல்பத்தைக் கேட்டால் ஒவ்வொரு ஒலிக்கும் எவ்வளவு துல்லியமாக இடம் ஒதுக்கியிருக்கிறார் என்பது புரியும். சிக்கல் என்னவென்றால், நல்ல மென்பொருளும் தயாராக விற்கும் சாம்பிள் தொகுப்புகளும் வந்தபின் சுத்தமான ஒலி என்பது அபூர்வம் இல்லை. நுழைவுச் சீட்டு ஆகிவிட்டது. இன்னமும் ஒரு ஆல்பத்தை 'புரொடக்‌ஷன் தரம் அபாரம்' என்று மட்டும் புகழ்ந்தால், அதில் சொல்ல வேறு எதுவும் கிடைக்கவில்லை என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

அந்தத் தரத்துக்கும் ஒரு விலை உண்டு. மாஸ்டரிங்கில், அதாவது வெளியிடும் முன் ஒலியைச் சீர்செய்யும் கடைசிக் கட்டத்தில், எல்லாவற்றையும் உச்ச சத்தத்துக்கு இழுத்துவிடுகிறார்கள். மெல்லிய பகுதியும் சத்தம், பலத்த பகுதியும் சத்தம். ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் கேட்டால் காது மரத்துப் போகும். நீங்கள் பாதியிலேயே களைத்திருந்தால் அதில் உங்கள் குற்றம் எதுவும் இல்லை. அடுத்த முறை ஒலியைக் கணிசமாகக் குறைத்து வைத்துக் கேளுங்கள். சத்தத்தின் உதவி போனபிறகும் ஒரு டிராக் உங்களைப் பிடித்து வைத்திருந்தால் அதில் சரக்கு இருக்கிறது.

அப்புறம், 'இதெல்லாம் போதையில் கேட்டால்தான் புரியும்' என்று யாராவது கருத்துப் போடுவார்கள். போதையில் மின்விசிறிச் சத்தம்கூட அற்புதமாகத்தான் கேட்கும். அது இசையமைத்தவரின் திறமை ஆகாது. 'ட்விஸ்டட்' வெறும் காதுக்கே போதும்.

கடைசி மெதுவான டிராக் மட்டும் பிடித்தது என்று எழுதியிருக்கிறீர்கள். இதில் ஆச்சரியம் இல்லை. சைட்ரான்ஸ் ஆல்பங்களைக் கிக் குறைந்த ஒரு டிராக்கோடு முடிப்பது பழைய வழக்கம். அந்த ஒன்றை எந்த டிஜேயும் நடு இரவு மேடையில் போடப் போவதில்லை என்று இசையமைப்பவருக்குத் தெரியும். 32 பார் ஒட்டுப்போடும் கவலை இல்லை, 'தகதிமி' கட்டாயம் இல்லை. அங்கேதான் மனிதர் தன் இஷ்டத்துக்கு எழுதுகிறார். உங்கள் காது சரியான இடத்தில்தான் நின்றிருக்கிறது.

எனவே நீங்கள் அந்தப் பக்கமாகவே போங்கள். அதே பாஸ்ஃபோர்டு, புல்லாங்குழல் வாசிக்கும் ராஜா ராமுடன் சேர்ந்து ஷ்பாங்கிள் என்ற பெயரில் 1998-இல் 'ஆர் யூ ஷ்பாங்கிள்ட்?' வெளியிட்டார். இந்தியாவில் இருவரும் பார்த்த ஒரு சூரிய கிரகணத்தை ஒலியாக்கும் முயற்சியாக அதில் ஒரு டிராக் உண்டு. அந்த டிராக் ஆல்பத்தின் முடிவில் கிட்டத்தட்ட 20 நிமிடம் ஓடும். அவசரப்படாமல் கேளுங்கள். அது பிடித்தால் ஸ்வீடனின் கார்பன் பேஸ்டு லைஃப்ஃபார்ம்ஸ் என்ற குழு 2003-இல் வெளியிட்ட 'ஹைட்ரோபோனிக் கார்டன்'. அதில் டிராக்குகள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்துதான் போகும், எல்லை தெரியாது. ஆனால் இந்த முறை அது உங்களுக்கு உறுத்தாது என்று நினைக்கிறேன்.