தினமும் அடுப்பில் ஏறுகிற எண்ணெய்

கடிதம்:

பிரியமான அக்காவுக்குத் தோத்திரம். ரோஸ் ஹில்லிலிருந்து எழுதுகிறேன். எனக்குச் சர்க்கரை நோய் என்று போன மாதம் உறுதியாகிவிட்டது. மாத்திரை தொடங்கியிருக்கிறேன். சபையில் ஒரு மூத்த சகோதரி, "வாயைக் கட்டத் தெரியாதவளுக்கு ஆவியிலும் கட்டுப்பாடு இருக்காது" என்று சொல்லிவிட்டார். இரவெல்லாம் போனில் பிரசங்கம் கேட்கிறேன். ஆனாலும் உள்ளம் வறண்டு கிடக்கிறது. ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் ஒரு வாரம் முழு உபவாசம் இருந்து, உடலையும் ஆத்துமாவையும் சேர்த்துச் சரிசெய்துவிடலாமா?

– ஒரு வாசகி

பதில்:

அன்புத் தங்கைக்கு,

அந்தச் சகோதரி சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு வேகாதீர்கள். நம் மொரீசியஸ் தீவில் வயதுவந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. நம்மைப் போன்ற இந்திய வம்சாவளியினருக்கு உடம்பு ஒல்லியாக இருந்தாலும் அது வந்துவிடுகிறது. பெற்றவர்களுக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் வரும் வாய்ப்பு கூடுகிறது. பிறவிக் குருடனைக் காட்டி, இது யார் செய்த பாவம், இவனா, இவனைப் பெற்றவர்களா என்று சீஷர்கள் கேட்டார்கள். இருவருமல்ல என்றார் இயேசு. ஒரு ரத்தப் பரிசோதனைத் தாளை வைத்து உங்கள் விசுவாசத்தை அளக்க ஒருவருக்கும் உரிமையில்லை.

நம் தீவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1987 வரை ரேஷன் எண்ணெய் என்று நாம் வாங்கியதில் பெரும்பகுதி பாமாயில். அந்த ஆண்டு அரசு அதை முழுக்கச் சோயா எண்ணெயாக மாற்றியது. 1992-இல் மறுபடி பரிசோதித்தபோது, மக்களின் சராசரிக் கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 5.5-இலிருந்து 4.7 மில்லிமோலுக்கு இறங்கியிருந்தது. ஆரோக்கியப் பிரசாரமும் கூடவே நடந்தது, உண்மைதான். ஆனால் எண்ணெய் விஷயத்தில் எந்த வீட்டிலும் யாரும் சபதம் எடுக்கவில்லை. வழக்கமாக வாங்கும் எண்ணெயை வாங்கினார்கள், வழக்கம்போலப் பருப்பைத் தாளித்தார்கள். தினமும் அடுப்பில் ஏறுவது மாறியது, ரத்தமும் மாறியது. அதே ஆண்டுகளில் உடல் பருமன் கூடியது, சர்க்கரை நோய் குறையவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒன்றைத் திருத்தினால் எல்லாம் தானாகத் திருந்திவிடாது.

ஆத்துமாவின் ஆரோக்கியத்தையும் நான் இப்படித்தான் பார்க்கிறேன். வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் பெரிய உபவாசமோ கன்வென்ஷனோ நம்மை உருவாக்குவதில்லை. நாம் முடிவெடுக்காமலே அன்றாடம் உள்ளே போகிறதே, அதுதான் உருவாக்குகிறது. காலையில் கண் விழித்ததும் கை எதை எடுக்கிறது? சாப்பாட்டு மேசையில் யாரைப் பற்றிப் பேசுகிறோம்? படுக்கையில் அடுத்தடுத்து ஓடும் பிரசங்கங்களில் ஒரு வசனமாவது மறுநாள் நினைவில் நிற்கிறதா? வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குத் தந்த மன்னா என்னும் ஆகாரத்தை ஆளுக்கு ஒரு ஓமர் அளவு, அன்றன்றைக்கு மட்டும் சேர்க்கச் சொன்னார் கர்த்தர். மறுநாளுக்கு மீத்து வைத்தது புழுத்து நாறியது. ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும்தான் விதிவிலக்கு. உங்களுக்குக் குறைவது கேட்கும் பிரசங்கத்தின் அளவு அல்ல, அன்றன்றைக்குக் கொஞ்சமாக உட்கொள்ளும் பழக்கம் என்று நினைக்கிறேன். இரவில் போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள். காலையில் தேநீர் கொதிக்கும் நேரத்தில் ஒரே ஒரு சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள். அன்றைக்கு அது போதும்.

தட்டிலும் அப்படியே. காலையில் சாலையோரக் கடையில் ஜோடியாக வாங்கும் தால் பூரியை வாரம் ஒரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இனிப்பான குளிர்பானத்தை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். இரவில் சோற்றைப் பாதியாக்கி, முருங்கைக்கீரை பூயோன், அதாவது தண்ணியான கீரைச் சாறு, வையுங்கள். சந்தையில் ப்ரேத் முரும் என்று கேட்டால் கட்டுக்கட்டாகக் கிடைக்கிறதே, அந்தக் கீரைதான். வெங்காயம், தட்டிய பூண்டு, ஒரு துண்டு இஞ்சி இவற்றை ஒரு சிறு கரண்டி எண்ணெயில் வதக்கி, தண்ணீர் ஊற்றிக் கொதி வந்ததும் உருவிய இலையைப் போட்டு, பச்சை நிறம் மாறுவதற்குள் இறக்கிவிட வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் அதையே பரிமாறுங்கள். உங்களுக்கு மட்டும் தனிப் பத்தியச் சமையல் என்று வைத்தால் ஒரு மாதம்கூடத் தாங்காது.

இனி உபவாசம். மாத்திரை சாப்பிடுகிற நீங்கள் மருத்துவரைக் கேட்காமல் ஒருவேளைகூடப் பட்டினி கிடக்க வேண்டாம். சில மாத்திரைகளோடு வெறும் வயிறாக இருந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி, கை நடுங்கி, வியர்த்து, மயக்கமே வந்துவிடும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடுவதும் கூடாது. எலியா தீர்க்கதரிசி சோர்ந்துபோய்ச் சூரைச்செடியின் கீழே படுத்து, சாவைக் கேட்டானே, அப்போது தேவன் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. தூதன் தட்டியெழுப்பி, தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் காட்டி, சாப்பிடு என்றான். அவன் சாப்பிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டான். தூதன் மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ஓரேப் மலையில் தேவன் பேசியது அதற்குப் பிறகுதான். உங்கள் தேவன் இவர்தான், தங்கையே. நீங்கள் வேளைக்குச் சாப்பிடுவதை அவர் குறையாக எண்ணமாட்டார்.

லெந்துக்கு ஏதாவது விடத்தான் வேண்டும் என்று மனம் கேட்டால், இரவுப் போனை விடுங்கள். ஏசாயா 58-ஐ ஒருமுறை வாசியுங்கள். கர்த்தர் கேட்கும் உபவாசத்தில் பசித்தவனோடு ஆகாரத்தைப் பகிர்வதும் இருக்கிறது. பூயோன் வைக்கும்போது தண்ணீரைக் கொஞ்சம் கூட ஊற்றினால், பக்கத்தில் தனியாக இருக்கும் ஒருவருக்கும் ஒரு கிண்ணம் வரும்.

அடுத்த பரிசோதனை முடிந்ததும் எழுதுங்கள். உங்களுக்காக ஜெபிக்கிறேன்.

அன்புடன்,
அக்கா