வாசகர் கேள்விகள்: பாபநாசம் சிவனின் பாட்டு எங்கிருந்து வந்தது?

கேள்வி: பாபநாசம் சிவன் யாரிடம் சங்கீதம் கற்றார்? தானே எழுதி, தானே மெட்டமைத்து, தானே பாடியவர். ஆனால் பெரிய வித்வான் யாருடைய சிஷ்யர் என்றும் அவரைச் சொல்லிக் கேட்டதில்லையே?

பதில்: சொல்லிக் கேட்காததற்குக் காரணம், அவருக்கு அப்படி நீண்ட குருகுலவாசம் அமையவில்லை என்பதுதான். 1890-ல் தஞ்சைப் பக்கம் போலகத்தில் பிறந்தார், பெற்றோர் வைத்த பெயர் ராமையா. சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட, அம்மா பிள்ளைகளோடு திருவனந்தபுரம் போய்ச் சேர்ந்தார். அங்கே சமஸ்கிருதக் கல்லூரியில் இலக்கணம் படித்தார், நூரணி மகாதேவ பாகவதரிடமும் சாம்ப பாகவதரிடமும் கொஞ்சம் பாட்டுப் பாடம். பாடம் என்று கணக்கெடுத்தால் அவ்வளவுதான்.

ஆனால் அந்த ஊரில் நீலகண்ட சிவனின் கீர்த்தனைகள் பஜனைகளில் ஒலித்துக்கொண்டிருந்தன. ‘ஆனந்த நடமாடுவார் தில்லை’ என்ற பூர்விகல்யாணி ராகப் பாட்டை நீங்கள் கேட்டிருப்பீர்கள், அது நீலகண்ட சிவன் இயற்றியதுதான். எளிய தமிழ், உருக்கம், கூட்டமாகச் சேர்ந்து பாடத் தோதான அமைப்பு. ராமையாவின் காதில் முதலில் ஆழமாக இறங்கியது இதுதான் என்பது என் தீர்மானமான எண்ணம். அம்மாவும் 1910-ல் காலமான பிறகு கோயில் கோயிலாகப் போய்ப் பாடிக்கொண்டு திரிந்தார். திருநீறு பூசிய மேனியும் பாட்டுமாக அவரைப் பார்த்தவர்கள் ‘சிவன்’ என்று அழைக்க ஆரம்பித்தார்கள், சகோதரர் குடியிருந்த பாபநாசம் அதற்கு முன்னால் ஒட்டிக்கொண்டது.

அப்புறம் கோனேரிராஜபுரம் வைத்தியநாதய்யர். அந்தக் காலத்தின் மிகப் பெரிய பாடகர்களில் ஒருவர். சிவன் அவர் பாட்டைத் தேடித் தேடிக் கேட்டார், அவரோடு பழகினார், ராகத்தை எப்படி நிதானமாக விரிப்பது என்பதை அந்தக் கேள்வி ஞானத்தில்தான் பிடித்துக்கொண்டார். ஆக ஒரு பக்கம் தெருவில் பத்துப் பேரோடு பாடும் பாட்டு, இன்னொரு பக்கம் உச்சத்தில் இருந்த கச்சேரி சங்கீதம். இரண்டும் ஒரே ஆளுக்குள் கலந்ததால்தான் அவர் கீர்த்தனைகள் வித்வானுக்கும் தீனி போடுகின்றன, சுருதி மட்டும் சேர்ந்தால் போதும் என்று பாடுகிறவருக்கும் வாயில் நிற்கின்றன.

கேள்வி: சிவனைத் ‘தமிழ்த் தியாகையர்’ என்கிறார்களே, தியாகராஜரைப் பின்பற்றித்தான் எழுதினாரா?

பதில்: வடிவத்தில் ஆமாம். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற பாட்டின் மூன்று பகுதிகள், ஒரே வரியைத் திரும்பப் பாடும்போது கொஞ்சம் கொஞ்சமாக மெட்டை மாற்றி, சங்கதி சங்கதியாக வளர்ப்பது, தெய்வத்தோடு நேருக்கு நேர் பேசுவது, முறையிடுவது எல்லாம் அந்த வழிதான். ஆனால் சொல் வந்து விழும் விதம் வேறு. சிவனுக்குச் சொல்லும் மெட்டும் தனித்தனியாக வந்ததாகவே தெரியாது, பாடிக்கொண்டே எழுதுகிறவருக்குத்தான் அது வாய்க்கும். மயிலாப்பூரில் குடியிருந்தபோது மார்கழி விடியற்காலையில் கபாலீசுவரர் கோயிலின் நான்கு மாட வீதிகளிலும் பஜனை பாடிப் போவார். அந்தக் கபாலியின் உலாவைப் பாடியதுதான் காம்போதி ராகத்தில் ‘காணக் கண் கோடி வேண்டும்’. பல்லவி ‘காண’ என்று எடுக்கிறது, அனுபல்லவி ‘மாணிக்கம் வைரம்’ என்று எதுகையோடு வந்து சேர்கிறது. அதிலிருந்து நகையும் மாலையுமாக வரிசையாக வர்ணித்துக்கொண்டே போகிறார், எதிரே உற்சவ மூர்த்தி அசைந்து வர, கூட்டத்தில் ஒருவராக நின்று பார்க்கிறவரின் வாய்ச்சொல்லாக அது இருக்கிறது.

கேள்வி: தமிழ்ப் பாடல் என்று சொல்லிவிட்டு இத்தனை வடசொல் ஏன்?

பதில்: நியாயமான கேள்விதான், சில பாடல்களில் எனக்கும் அந்தக் குறை உண்டு. சமஸ்கிருதம் முறையாகப் படித்தவர், பிற்காலத்தில் வடமொழி அகராதி ஒன்றே தொகுத்தவர், அந்தச் சொற்கள் அவருக்குத் தானாக வந்தன. ஆனால் எல்லா இடத்திலும் அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். காபி ராகத்தில் ‘என்ன தவம் செய்தனை யசோதா’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ‘எங்கும் நிறை பரப்ரம்மம் அம்மா என்றழைக்க’. வேதாந்தத்தின் மிகப் பெரிய சொல்லுக்குப் பக்கத்திலேயே குழந்தையின் முதல் சொல்லை வைத்திருக்கிறார். இரண்டும் ஓசையிலும் ஒன்றில் ஒன்று கரைகின்றன. அங்கே வேறு எந்தத் தமிழ்ச் சொல்லைப் போட்டாலும் அந்த வரி இவ்வளவு தூரம் போகாது.

இன்னொன்று. இவருடைய ‘கீர்த்தனமாலை’ 1934-லேயே அச்சாகிவிட்டது. சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தொடங்கியது 1943-ல். மேடையில் தமிழுக்கு இடம் வேண்டும் என்ற குரல் உரத்து எழுந்தபோது, பாடகர்கள் எடுத்துப் பாட இவர் பாட்டுகள் தயாராக இருந்தன. அதை மறந்துவிட்டு வடசொல்லை மட்டும் எண்ணுவது அவருக்குச் செய்யும் அநியாயம்.

கேள்வி: சினிமாவுக்குப் போனது அவர் சங்கீதத்தைக் கெடுத்ததா?

பதில்: இல்லவே இல்லை. 1944-ல் வந்த ‘ஹரிதாஸ்’ படத்தில் சிவன் எழுதி, எம்.கே. தியாகராஜ பாகவதர் பாடிய ‘மன்மத லீலையை’ சாருகேசி ராகம். அந்த ராகத்தின் பெயரே தெரியாதவர்கள்கூட அதைப் பாடித் திரிந்தார்கள். கச்சேரிக்கு ஒரு சிவன், சினிமாவுக்கு ஒரு சிவன் என்று இரண்டு பேர் இருக்கவில்லை. ‘தியாகபூமி’ (1939) படத்தில் சம்பு சாஸ்திரியாக அவரே நடித்தார், அது கிடைத்தால் அவசியம் பாருங்கள். சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது 1971-ல்தான் வந்தது, எண்பது வயதைத் தாண்டிய பிறகு. இவ்வளவு தாமதம் கூடாது என்பது என் ஆற்றாமை. 1973-ல் மறைந்தார்.

கேள்வி: சங்கீதம் தெரியாத நான் எந்தப் பாட்டில் ஆரம்பிக்கலாம்?

பதில்: வராளியில் ‘கா வா வா’, நவரசகன்னடத்தில் ‘நான் ஒரு விளையாட்டு பொம்மையா’. இரண்டையும் ராகப் பெயரை மறந்துவிட்டு, வார்த்தையை மட்டும் கவனித்துக் கேளுங்கள். அப்புறம் மோகனத்தில் ‘கபாலி’. அதை வேறு வேறு பாடகர்கள் பாடிக் கேட்டால், ஒரே வரியில் ஒவ்வொருவரும் எவ்வளவு சங்கதி எடுக்கச் சிவன் இடம் விட்டிருக்கிறார் என்பது உங்களுக்கே பிடிபடும்.