எரிமலைத் தீவுக்குப் போகிறோம், யாருக்கும் நீச்சல் தெரியாது

பர்கூரிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "காலாண்டு விடுமுறையில் ஆறு நாள் மொரீஷியஸ் போகிறோம். நான், கணவர், 11ஆம் வகுப்பு படிக்கும் மகன், 4ஆம் வகுப்பு மகள், 68 வயது மாமியார். மாமியாருக்கு முழங்கால் வலி உண்டு. கிரானைட் பாலிஷ் பட்டறை எங்கள் தொழில். டிராவல்ஸ்காரர் கொடுத்த திட்டத்தில் ஓட்டல், கடற்கரை, ஷாப்பிங் தவிர வேறு எதுவும் இல்லை. எங்களில் ஒருவருக்கும் நீச்சல் தெரியாது. எரிமலைத் தீவு என்கிறார்களே, வெளியில் சுற்றி அனுபவிக்க எங்களைப் போன்றவர்களுக்கு அங்கே என்ன இருக்கிறது? எரிமலையால் ஆபத்து இல்லையே?"

முதலில் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். மொரீஷியஸ் கடலுக்கடியிலிருந்து எரிமலையாக எழுந்த தீவுதான். அதன் மிகப் பழைய பாறைகளுக்குச் சுமார் 80 லட்சம் வயது. ஆனால் அந்த எரிமலை ஆறிப்போய்ப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. புகையோ நெருப்போ பார்க்க முடியாது. உயிருள்ள எரிமலை பக்கத்துத் தீவான ரீயூனியனில் இருக்கிறது. சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி, 2,632 மீட்டர் உயரத்தில் நிற்கும் பிட்டோன் டி லா ஃபூர்னேஸ் அடிக்கடி குமுறும். ரீயூனியன் பிரான்ஸைச் சேர்ந்த பகுதி; அதற்கான ஏற்பாடு தனி. ஆறு நாளில் இரண்டையும் சேர்த்து இழுக்காதீர்கள்.

நெருப்பு இல்லையென்றால் பார்க்க என்ன இருக்கிறது என்று தோன்றும். கல் இருக்கிறது! பல வருடம் ஜியாலஜி சொல்லிக்கொடுத்தவன் என்பதால் சொல்கிறேன், உங்கள் குடும்பம் அளவுக்கு அந்தக் கல்லை ரசிக்கக்கூடியவர்கள் குறைவு. உங்கள் பட்டறைக்கு வரும் கருப்பு கிரானைட் உண்மையில் கிரானைட்டே அல்ல, டோலரைட். பூமிக்குள்ளிருந்து கிளம்பிய கற்குழம்பு வெளியே வர வழியில்லாமல் பாறை வெடிப்புக்குள் புகுந்து மெதுவாக ஆறினால் டோலரைட். அதே வகைக் குழம்பு வெளியே கொட்டிச் சட்டென்று ஆறினால் பசால்ட். மொரீஷியஸில் காலடியில் கிடப்பதெல்லாம் பசால்ட்தான். நம் பக்கத்து டோலரைட்டுக்கு 200 கோடி ஆண்டுகளுக்கு மேல் வயது இருக்கும். அங்கே இருப்பது அதோடு ஒப்பிட்டால் நேற்றுப் பிறந்த தம்பி. கையில் எடுத்தால் வித்தியாசம் உடனே தெரியும்: பாலிஷ் போட்டால் கண்ணாடியாக மின்னும் நம் கல்லில் ஒரு துளை இருக்காது, அங்கே கிடக்கும் கல்லில் ஆப்பத்தில் இருப்பதுபோலக் குட்டிக் குட்டித் துளைகள். ஆறும்போது வாயுக் குமிழிகள் தப்பித்துப்போன இடங்கள் அவை. உங்கள் மகளிடம் ஒரு கல்லைக் காட்டி இதைச் சொல்லுங்கள். அப்புறம் ஆறு நாளும் அவளே தேடித் தேடிப் பார்ப்பாள்.

நீங்கள் போகும் மாதம் நல்ல மாதம். அங்கே பருவம் தலைகீழ். மே முதல் அக்டோபர் வரை குளிர்காலம், நவம்பர் முதல் ஏப்ரல் வரை வெயிலும் மழையும். புயல் பயமும் அந்த வெயில் காலத்தில்தான். செப்டம்பர் கடைசியில் மழை குறைவு, ஓசூர்க் காலை நேரம் போல ஒரு குளிர்ச்சி. காற்று மட்டும் தென்கிழக்கிலிருந்து வீசும். அதனால் கிழக்குக் கரையில் அலையும் காற்றும் இருக்கும், மேற்குக் கரை அமைதியாக இருக்கும். ஓட்டலை மேற்கில், ஃப்ளிக் அன் ஃப்ளாக் பக்கம் கேட்டு வாங்குங்கள். நான் சொல்லப்போகும் இடங்களில் பாதிக்கு மேல் அங்கிருந்து பக்கம். தீவே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பாதிகூட இல்லை, எங்கும் ஒரே நாளில் போய்த் திரும்பலாம். டிரைவரோடு வண்டி எடுத்துக்கொள்வது உத்தமம். அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள் என்றாலும் மலைச் சாலைகள் வளைவு நெளிவானவை.

இனி மலை. உங்கள் கணவருக்கும் மகனுக்கும் நான் முதலில் சொல்வது லெ மோர்ன். தீவின் தென்மேற்கு மூலையில் கடலை ஒட்டி 556 மீட்டருக்குச் செங்குத்தாக நிற்கும் பசால்ட் பாறை. அடிமைத்தனம் இருந்த காலத்தில் தப்பியோடியவர்கள் ஒளிந்து வாழ்ந்த இடம் அது. 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 1835இல் விடுதலைச் செய்தி சொல்ல வந்த படையைப் பார்த்து, பிடிக்கத்தான் வருகிறார்கள் என்று எண்ணி, மேலிருந்து குதித்து உயிரை விட்டார்கள் என்று அங்கே வழிவழியாகச் சொல்லப்படுகிறது. மேலே ஏறும்போது அந்த நினைப்பு இருக்கட்டும். கூச்சல் போட்டுக்கொண்டு ஏறுகிற மலை அல்ல அது.

பாதை இரண்டு பங்கு. முதல் பங்கு அகலமான மண் பாதை, ஏற்றம் உண்டு, ஆனால் யாரும் நடக்கலாம். அதன் முடிவில் காயல் முழுவதும் தெரியும்: கரையோரம் வெளிர்பச்சை, நடுவில் நீலம், பவளத் திட்டில் அலை உடையும் இடத்தில் வெள்ளைக் கோடு. நீங்களும் மகளும் அதுவரை போய்த் திரும்புங்கள். இரண்டாம் பங்கில் கையை ஊன்றித்தான் ஏற வேண்டும். சில இடங்களில் பாறையைப் பிடித்து உடம்பைத் தூக்கிவிட வேண்டியிருக்கும். பொதுமக்களுக்கு அனுமதியுள்ள பாதை ஒரு சிலுவை நட்ட இடத்தோடு முடிகிறது. உச்சி அதற்கும் மேலே. கணவரும் மகனும் வழிகாட்டி ஒருவரை வைத்துக்கொண்டு அதிகாலையில் கிளம்ப வேண்டும். போக வர மூன்று நான்கு மணி நேரம். முந்தின நாள் மழை பெய்திருந்தால் இரண்டாம் பங்கை விட்டுவிடுங்கள். நனைந்த பசால்ட்டும் அதன்மேல் படிந்த செம்மண்ணும் சோப்பு மாதிரி வழுக்கும்.

இதற்குப் பயிற்சி எடுக்க உங்களுக்குக் கிருஷ்ணகிரிக் கோட்டை இருக்கிறதே! சையத் பாஷா மலையில் நான்கு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஏறி இறங்குங்கள். ஏறும்போது மூச்சு வாங்குவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், இறங்கும்போது தொடை நடுங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். நான்காவது வாரம் நடுங்கவில்லை என்றால் லெ மோர்ன் ஏறலாம். அங்கே போட்டுக்கொள்ளப்போகும் ஷூவை இங்கேயே போட்டுப் பழக்குங்கள். புது ஷூவோடு விமானம் ஏறுகிறவர்கள் இரண்டாம் நாளே கொப்புளத்தோடு ஓட்டலில் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

லெ மோர்ன் கடினமாகத் தோன்றினால் லெ பூஸ் இருக்கிறது. பெயரின் பொருள் பெருவிரல். தூரத்திலிருந்து பார்த்தால் கட்டை விரலை உயர்த்தியதுபோலத்தான் தெரியும். 812 மீட்டர். சார்லஸ் டார்வின் 1836இல் இதில் ஏறியிருக்கிறார். கடைசி விரல் நுனி தவிர மற்றதெல்லாம் சுமாரான ஏற்றம்தான். மேலே நின்றால் ஒரு பக்கம் தலைநகர் போர்ட் லூயி, மறுபக்கம் கரும்புக் காடு.

மாமியாரை ஓட்டலில் விட்டுவிட்டுப் போகவே வேண்டாம். அவருக்காகவே அமைந்ததுபோல ஓர் இடம் க்யூர்பீப் ஊரில் இருக்கிறது, ட்ரூ ஓ செர்ஃப். எரிமலையின் வாய் அது. 300 மீட்டருக்கு மேல் அகலம், 80 மீட்டர் ஆழம் இருக்கும் ஒரு கிண்ணம். உள்ளே முழுக்க மரம், அடியில் கொஞ்சம் தண்ணீர். விளிம்பைச் சுற்றிலும் நல்ல பாதை போட்டிருக்கிறார்கள். காரை விளிம்பிலேயே நிறுத்தலாம், முழங்காலுக்கு வேலையில்லை. காலையில் ஊர்க்காரர்கள் நடைப்பயிற்சிக்கு வருவார்கள், அவர்களோடு சேர்ந்து அவரும் மெதுவாக ஒரு சுற்று வரட்டும். ஒரு எரிமலையின் உதட்டில் நடந்தேன் என்று பர்கூரில் வந்து சொல்வதற்கு அவருக்கு ஒரு கதை வேண்டாமா?

அதே நாளில் கங்கா தலாவ். கடல் மட்டத்திலிருந்து சுமார் 550 மீட்டர் உயரத்தில் இருக்கும் இன்னொரு எரிமலை வாய். இது தண்ணீர் நிரம்பி ஏரியாகி, அங்குள்ள இந்துக்களுக்குப் புனிதத் தலமாகிவிட்டது. மகா சிவராத்திரிக்குத் தீவின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் நடந்தே வருவார்கள். கரையில் 33 மீட்டர் உயரச் சிவன் சிலை. அங்கே குளிர்காற்று அடிக்கும், மாமியாருக்கு ஸ்வெட்டர் எடுத்து வையுங்கள். குரங்குகள் உண்டு, கையில் பையைப் பிரித்துச் சாப்பிடாதீர்கள். போகிற வழியில் அவர் மொரீஷியஸ் ரூபாய் நோட்டைப் பார்க்கட்டும், அதிலும் தமிழ் எழுத்து இருக்கும்.

அங்கிருந்து பிளாக் ரிவர் தேசியப் பூங்கா வழியாக ஷாமரெல் இறங்கலாம். பூங்காவின் காட்சி முனையில் பத்து நிமிடம் நின்றால் போதும், பள்ளத்தாக்கு கடல்வரை விரிந்து கிடக்கும். அந்தக் காட்டுப் பறவை ஒன்றைப் பற்றி மகளிடம் சொல்லுங்கள்: மொரீஷியஸ் வல்லூறு 1974இல் மொத்தம் நான்கே நான்குதான் உயிரோடு இருப்பது தெரிந்திருந்தது. முட்டைகளை எடுத்துப் பொரிக்கவைத்து, குஞ்சுகளை வளர்த்துக் காட்டில் விட்டு மீட்டிருக்கிறார்கள். டோடோ என்ற பறவையைத் தொலைத்த தீவு இந்தப் பறவையைத் தொலைக்கவில்லை. ஷாமரெலில் ஏழு வண்ண மண். பசால்ட் மட்கிக் களிமண்ணானபோது இரும்பு சேர்ந்த மண் சிவப்பாகவும் பழுப்பாகவும், அலுமினியம் சேர்ந்த மண் நீலமும் ஊதாவுமாகவும் பிரிந்து நிற்கிறது. மேகம் மூடியிருந்தால் வண்ணம் மங்கும், வெயில் வந்ததும் பாருங்கள். பக்கத்திலேயே 80 மீட்டருக்கு மேல் விழும் அருவி. ஒகேனக்கல் பார்த்த கண்ணுக்குத் தண்ணீர் குறைவாகத் தெரியும்; அருவிக்குப் பின்னால் அடுக்கடுக்காகத் தெரியும் எரிமலைக் குழம்புப் படிவங்களைப் பாருங்கள்.

சரி, கடல். நீச்சல் தெரியாது என்பதால் கடலே வேண்டாம் என்று நினைக்க வேண்டியதில்லை. தீவைச் சுற்றிப் பெரும்பாலும் பவளத் திட்டு வேலி போட்டதுபோல நிற்கிறது. அலை அதில் மோதி உடைந்துவிடும், உள்ளே இருக்கும் காயல் பல இடங்களில் இடுப்பளவுதான். ஆனால் இரண்டு எச்சரிக்கை. திட்டில் அங்கங்கே இடைவெளி இருக்கும். காயல் தண்ணீர் அந்த வழியாகத்தான் கடலுக்கு ஓடும், இழுப்பு பலமாக இருக்கும். அது எங்கே என்று ஊர்க்காரரைக் கேட்டுவிட்டு இறங்குங்கள். அப்புறம், தென்கோடியில் க்ரி க்ரி என்ற இடத்தில் திட்டே கிடையாது. கருங்கல் செங்குத்தில் கடல் நேராக வந்து அறையும். பார்க்க அதைப்போல ஓர் இடம் அந்தத் தீவில் இல்லை, ஆனால் கால்கூட நனைக்காதீர்கள்.

காயலில் இறங்க ரப்பர் செருப்பு கட்டாயம். நான் கூட்டிப்போன குழு ஒன்றில் ஒருவர் வெறுங்காலோடு இறங்கிக் கடல் முள்ளெலியை மிதித்துவிட்டார். உடைந்த முள் நுனிகள் கருப்புக் கருப்பாகக் காலுக்குள் நிற்க, இரண்டு நாள் நொண்டினார். கல்மீன் என்று ஒன்று உண்டு, பாறை மாதிரியே கிடக்கும், அதன் முள்ளில் கடும் விஷம். தடித்த அடி உள்ள ரப்பர் செருப்பு ஓரளவு காப்பாற்றும். கடல் தரையைத் தேய்த்துத் தேய்த்து நடப்பதும் நல்லது.

பவளமும் மீனும் பார்க்க ப்ளூ பே போங்கள். அது பாதுகாக்கப்பட்ட கடல் பூங்கா. அடியில் கண்ணாடி பதித்த படகில் ஏறினால் மாமியார் முதல் மகள் வரை உட்கார்ந்த இடத்திலேயே பார்க்கலாம். படகை நிறுத்தி முகமூடி மாட்டி இறங்கச் சொல்வார்கள். மகன் லைஃப் ஜாக்கெட்டோடு, படகைப் பிடித்துக்கொண்டு இறங்கட்டும். பவளத்தில் காலை ஊன்றக் கூடாது, அது உயிருள்ளது. வடக்கே கிராண்ட் பே பக்கம் கண்ணாடித் தலைக்கவசம் போட்டு மூன்று நான்கு மீட்டர் ஆழத்தில் கடல் தரையில் நடக்க வைக்கிறார்கள். தலை நனையாது, நீச்சல் தேவையில்லை. சளி, காது அடைப்பு இருக்கிறவர்களும் ரத்தக் கொதிப்பு உள்ளவர்களும் தவிர்த்துவிடுங்கள். குழந்தைக்கு வயது வரம்பு கேளுங்கள்.

டால்பின் படகு சவாரிக்கு நிறையப் பேர் கூப்பிடுவார்கள். ஒரு கூட்டத்தைப் பத்துப் படகு துரத்துவதைப் பார்த்த பிறகு நான் யாரையும் அனுப்புவதில்லை. நீச்சல் தெரியாமல் நடுக்கடலில் குதிப்பதும் தேவையற்றது.

கிளம்பும் முன் ஒகேனக்கலில் தண்ணீர் அளவாக ஓடும் ஒரு நாளில் குடும்பத்தோடு பரிசல் ஏறிவிடுங்கள். லைஃப் ஜாக்கெட் யாருக்கு இறுக்குகிறது, யாருக்குத் தலை சுற்றுகிறது, யார் பயப்படுகிறார்கள் என்று அங்கேயே தெரிந்துவிடும். மகனை இன்றைக்கே நீச்சல் வகுப்பில் சேர்த்தால் அதற்குள் மிதக்கவாவது கற்றுக்கொள்வான்.

நாட்களைப் பிரிக்கும்போது காலையை மலைக்கும் பிற்பகலைக் கடலுக்கும் வையுங்கள், மேகம் பெரும்பாலும் உச்சிப்பொழுதுக்கு மேல்தான் மலையில் இறங்கும். மலை ஏறிய மறுநாள் லேசாக ஏதாவது. லெ மோர்னைப் பயணத்தின் நடுவில் வைத்தால், மழை வந்தாலும் தள்ளிப்போட இன்னொரு நாள் மிஞ்சும். சாப்பாட்டுக்குக் கவலையே வேண்டாம். தெருவோரத்தில் தால்பூரி என்று விற்பது உள்ளே பருப்பு வைத்த மெல்லிய போளி மாதிரி, இனிப்பு இருக்காது. காரமாகப் பொரித்துத் தரும் உருண்டை நம் பருப்பு வடையின் உறவு.

இன்னொன்று, எந்தத் திட்டத்திலும் இருக்காது. கரும்புத் தோட்டங்களின் நடுவே வீட்டு உயரத்துக்குக் கருங்கல் குவியல்கள் நிற்பதைப் பார்ப்பீர்கள். எரிமலைக் கல் மூடிக்கிடந்த நிலத்தைக் கரும்புக்குத் தயார் செய்ய ஒவ்வொரு கல்லாகப் பொறுக்கி அடுக்கியவை. அடுக்கியவர்களில் அடிமைகளும், 1834 முதல் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய நம் ஊர்க்காரர்களும் உண்டு. டிரைவரிடம் சொல்லி ஒரு குவியலருகே வண்டியை நிறுத்துங்கள். உங்கள் கணவர் ஒரு கல்லைத் தூக்கிப் பார்க்கட்டும், எடை எவ்வளவு இருக்கும் என்று அவருக்குக் கைப்பழக்கத்தில் தெரியும். பார்த்துவிட்டு அதே இடத்தில் வைத்துவிடச் சொல்லுங்கள்.