அட்டன்பரோ என்ற பெயருள்ள எல்லோரும் ஒரே குடும்பமா?

கேள்வி: தொலைக்காட்சியில் இயற்கைப் படங்கள் எடுக்கும் டேவிட் அட்டன்பரோவும், ‘காந்தி’ படம் எடுத்த ரிச்சர்ட் அட்டன்பரோவும் அண்ணன் தம்பி என்று தெரியும். இது இங்கிலாந்தில் சாதாரணமாகக் கேள்விப்படுகிற பெயராகத் தெரியவில்லையே. எங்கிருந்து வந்தது? அந்தப் பெயர் உள்ள மற்றவர்களும் இவர்களுக்குச் சொந்தமா?

சொந்தம்தான், பெரும்பாலும். ஆனால் கல்யாணப் பத்திரிகை வைக்கிற சொந்தம் இல்லை. பல நூற்றாண்டுகளுக்கு முன்னால் வாழ்ந்த ஒரே பாட்டனாரில் போய் முடிகிற சொந்தம். இதை யாரோ குத்துமதிப்பாகச் சொல்லவில்லை, ரத்தப் பரிசோதனை மாதிரி ஒன்று நடத்தியே பார்த்திருக்கிறார்கள். அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் ஊர். அட்டன்பரோ என்பது நாட்டிங்காம் நகரத்துக்குத் தென்மேற்கே, ட்ரென்ட் ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு சின்னக் கிராமம். நாட்டிங்காமிலிருந்து டெர்பி போகிற ரயில் பாதையில் பீஸ்டனுக்கு அடுத்த ஸ்டேஷன். வேலை காரணமாக நான் சில காலம் பீஸ்டனில் குடியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை நடக்கப் போக அதைவிட நல்ல இடம் கிடையாது. ரயிலை விட்டு இறங்கினால் கொஞ்ச தூரத்திலேயே செயின்ட் மேரி தேவாலயம். அதைத் தாண்டினால் ஒரே தண்ணீர். ஜல்லியும் மணலும் தோண்டி எடுத்த பள்ளங்களில் தண்ணீர் நிறைந்து, ஏரி ஏரியாகக் கிடக்கிறது. கரை முழுக்கச் சேறு. அன்னப்பறவைகள் பாதையை மறித்துக்கொண்டு நிற்கும். சுற்றிப் போக வேண்டியது நாம்தான்.

அந்த ஏரிகள் இப்போது பறவைகள் சரணாலயம். 1966இல் அதைத் திறந்து வைத்தவர் டேவிட் அட்டன்பரோ. 2005இல் பார்வையாளர் மையத்தையும் அவரே திறந்தார். வாசலில் பெயர்ப் பலகையைப் பார்க்கிறவர்கள், இயற்கை ஆர்வலர் என்பதால் அவர் பெயரை இதற்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். நடந்தது தலைகீழ். சரணாலயத்துக்குப் பெயர் ஊரிலிருந்து வந்தது, அவருக்கும் ஊரிலிருந்துதான் வந்தது.

ஊரின் பெயர் அட்டா என்பது போன்ற ஒரு பழைய ஆங்கிலோ சாக்சன் ஆளின் பெயரும், அரண் கட்டிய இடம் என்ற பொருள் தரும் சொல்லும் சேர்ந்தது என்று ஊர்ப்பெயர் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அந்த ஆள் யார், கோட்டை எங்கே என்றெல்லாம் தேட வேண்டாம், அவையெல்லாம் போய்ச் சேர்ந்து ஆயிரம் வருடமாகிறது. சரித்திரத்தில் இந்த ஊருக்கு இருக்கும் ஒரே பெருமை ஹென்றி அயர்ட்டன் இங்கே பிறந்தது. 1611இல் பிறந்தவர், ஆலிவர் கிராம்வெல்லின் மருமகன், மன்னர் முதலாம் சார்லஸின் மரண தண்டனைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர்.

சரி, ஊரின் பெயர் எப்படி ஆளின் பெயராகும்? 1066இல் நார்மன்கள் வந்த பிறகுதான் இங்கிலாந்தில் பரம்பரைக் குடும்பப் பெயர்கள் வேர்விட்டன. முதலில் நிலபுலன் உள்ள பெரிய மனிதர்கள், பிறகு படிப்படியாகக் குடியானவர்கள். சுமார் 1400 வாக்கில் பெரும்பாலான ஆங்கிலக் குடும்பங்களுக்குப் பெயர் நிலைத்துவிட்டது. தொழிலை வைத்து, அப்பா பெயரை வைத்து, பட்டப்பெயரை வைத்து, ஊரை வைத்து என்று நான்கு வழி. இதில் ஊரை வைத்து வரும் பெயரில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒருவரைத் ‘தூத்துக்குடிக்காரர்’ என்று மதுரையில்தான் கூப்பிட முடியும். தூத்துக்குடியில் எல்லோருமே தூத்துக்குடிக்காரர். அதேபோல அட்டன்பரோவை விட்டுப் போனவனுக்குத்தான் அட்டன்பரோ என்ற பெயர் ஒட்டியிருக்கும். ஊரிலேயே இருந்தவர்களுக்கு வேறு ஏதாவது பெயர்.

அவர்கள் ரொம்ப தூரம் போகவும் இல்லை. 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்துக் குடும்பப் பெயர்களுக்கு வரைபடம் போட்டிருக்கிறார்கள். அதில் அட்டன்பரோக்கள் நாட்டிங்காம்ஷயரில்தான் திரளாக இருக்கிறார்கள். டேவிட், ரிச்சர்டின் அப்பா ஃபிரெடெரிக் பிறந்தது 1887இல், ஸ்டேப்பிள்ஃபோர்டில். அட்டன்பரோ கிராமத்திலிருந்து ஒரு காலை நடையில் போய்விடலாம். அத்தனை தலைமுறையாக அந்தப் பெயர் நகர்ந்த தூரம் அவ்வளவுதான்! லண்டன் போய்ப் பணம் பார்த்தவர்களும் உண்டு. விக்டோரியா மகாராணி காலத்தில் லண்டன்காரர்களிடம் அட்டன்பரோ என்று சொன்னால் அவர்களுக்கு நினைவுக்கு வந்தது அடகுக் கடைதான். ஃபிளீட் ஸ்ட்ரீட்டில் அந்தப் பெயரில் இருந்த கடைக் கட்டடம் இன்றும் நிற்கிறது.

இந்த வரைபடம் ஏன் முக்கியம் என்றால், பெயருக்கு இன்னொரு விளக்கமும் உண்டு. இடைக்கால ஆங்கிலத்தில் ‘அட்டென்’ என்றால் ‘இன்ன இடத்தில் இருக்கிற’ என்று பொருள். ஆஷ் மரத்தடியில் குடியிருந்தவன் ‘அட்டென் ஆஷ்’ ஆகி, அது தேய்ந்து நாஷ் ஆனது. ஓக் மரங்களின் அருகே இருந்தவன் நோக்ஸ். இதே கணக்கில் ‘அட்டென் பரோ’, அதாவது கோட்டைப் பக்கம் குடியிருந்தவன், என்றும் பிரித்துப் பார்க்கலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கோட்டையும் மேடும் இங்கிலாந்து முழுக்க உண்டு. அப்படி உருவான பெயரானால் டெவனில் நாலு குடும்பம், கென்டில் பத்துக் குடும்பம் என்று சிதறிக் கிடந்திருக்க வேண்டும். நாஷ் அப்படித்தான் சிதறிக் கிடக்கிறது. அட்டன்பரோ ஒரே மாவட்டத்தில் குவிந்திருப்பதால் ஊரிலிருந்து வந்தது என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

இப்போது ரத்த விஷயம். ஆண்களுக்கு மட்டும் உள்ள ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு ஏறக்குறைய அப்படியே போகிறது. ஆங்கிலேயக் குடும்பப் பெயரும் அதே வழியில்தான் போகிறது. அப்படியானால் ஒரே பெயர் உள்ளவர்களுக்கு ஒரே மாதிரி ஒய் இருக்குமா? இதைச் சோதித்தவர்கள் லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டூரி கிங், மார்க் ஜாப்ளிங். டூரி கிங்கை வேறு விதமாக நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் கிடைத்த எலும்புகள் மூன்றாம் ரிச்சர்ட் மன்னருடையவைதான் என்று டிஎன்ஏ ஆய்வில் நிறுவியவர்களில் முக்கியமானவர்.

2006இல் இவர்கள் ஒரே பெயர் கொண்ட, ஒருவரையொருவர் அறியாத 150 ஜோடி ஆண்களை எடுத்துப் பார்த்தார்கள். சுமார் கால்வாசி ஜோடிகளுக்குப் பொதுவான மூதாதை இருப்பது தெரிந்தது. அபூர்வமான பெயர்களை மட்டும் எடுத்தால் கிட்டத்தட்டப் பாதி. பிறகு 2009இல் 40 பெயர்கள், 1,678 ஆண்கள் என்று பெரிதாகச் செய்தார்கள். ஸ்மித் போன்ற பெயர்களில் ஒன்றுமே தேறவில்லை. கொல்லன் இல்லாத ஊர் ஏது, ஆயிரம் கொல்லர்கள் ஆயிரம் ஸ்மித்துகளைத் தொடங்கி வைத்திருப்பார்கள். அபூர்வப் பெயர்களில் கதையே வேறு. சோதித்த அட்டன்பரோக்களில் சுமார் 87 சதவீதம் பேருக்கு ஒரே வகை ஒய். எழுத்து சற்று மாறிய அட்டன்பர்ரோ மாதிரிப் பெயர்களையும் சேர்த்தே இந்தக் கணக்கு. உங்கள் கேள்விக்கு நான் முதலில் ‘பெரும்பாலும்’ என்று சொன்னது இதை வைத்துத்தான்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், ஆய்வு நடந்த இடம். ஃபிரெடெரிக் அட்டன்பரோ 1932இலிருந்து 1951வரை லெஸ்டர் பல்கலைக்கழகக் கல்லூரியின் முதல்வர். அண்ணன் தம்பிகள் வளர்ந்ததே அந்த வளாகத்து வீட்டில்தான். அப்பா ஆங்கிலோ சாக்சன் அரசர்களின் சட்டங்களைப் பதிப்பித்த அறிஞர். அவர் முதல்வராக இருந்தபோதுதான் 1948இல் டபிள்யூ.ஜி. ஹாஸ்கின்ஸ் அங்கே ஆங்கில உள்ளூர் வரலாற்றுக்கென்று ஒரு துறை தொடங்கினார். 1965இல் அங்கேயே ஆங்கிலக் குடும்பப் பெயர்களை மாவட்டம் மாவட்டமாக ஆராயும் திட்டம் தொடங்கியது. 1984இல் அலெக் ஜெஃப்ரீஸ் டிஎன்ஏ கைரேகையைக் கண்டுபிடித்ததும் அதே பல்கலைக்கழகத்தில். கடைசியில் அட்டன்பரோ பெயரின் மர்மம் விலகியதும் அங்கேதான். இதைக் கதையில் எழுதினால் ரொம்பச் செயற்கை என்று ஆசிரியர் அடித்துவிடுவார்.

ஆனால் ஒரு சந்தேகம் வரவேண்டும். ஊரை விட்டு வெளியேறியவன் ஒரே ஒருத்தனா? ஒருத்தன் பீஸ்டன் பக்கம், இன்னொருத்தன் டெர்பி பக்கம் என்று சொந்தமில்லாத பலர் போயிருப்பார்களே, ஆளுக்கொரு அட்டன்பரோ குடும்பம் இருக்க வேண்டாமா? இருந்திருக்கலாம். மற்ற குடும்பங்கள் அற்றுப்போயிருக்கலாம்.

குடும்பப் பெயர் எவ்வளவு சுலபமாக அற்றுப்போகும் என்பதை 1873இல் ஃபிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய அறிவியலாளர் ஒரு கணக்குப் புதிராகப் பத்திரிகையில் கேட்டார். ஹென்றி வாட்சன் என்ற பாதிரியார் விடை எழுதினார். இருவருமாக 1874இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். வாட்சன் கணக்கை அழகாக அமைத்துவிட்டு, முடிவில் கோட்டைவிட்டார்: எல்லாக் குடும்பப் பெயர்களும் என்றாவது அழிந்தே தீரும் என்று எழுதிவிட்டார். மக்கள்தொகை பெருகிக்கொண்டிருந்தால் அப்படி ஆகாது. ஆனால் கணக்கின் அடிப்படை சரி.

நீங்களே போட்டுப் பார்க்கலாம். பெயருக்கு ஒருவராக 100 ஆண்கள். ஆளுக்குச் சராசரியாக ஒரு மகன் வளர்ந்து ஆளாகிறான். சிலருக்கு மூன்று, சிலருக்கு ஒன்றுமில்லை. முதல் தலைமுறையிலேயே சுமார் 37 பேருக்கு ஆண் வாரிசு இருக்காது, 37 பெயர்கள் காலி. பிளேக்கும் வேண்டாம், பஞ்சமும் வேண்டாம், வெறும் அதிர்ஷ்டக் கணக்கிலேயே இவ்வளவு. இருபது தலைமுறை கழித்து, அதாவது சுமார் அறுநூறு வருடத்தில், மிஞ்சுவது எட்டு ஒன்பது பெயர்கள்தான். நிஜத்தில் 1348–49 கொள்ளைநோய் வேறு வந்து ஊர் ஊராகக் கொண்டுபோனது. ஆக, நாலைந்து அட்டன்பரோக்கள் தொடங்கியிருந்தாலும் ஒருவருடைய வம்சம் மட்டும் தப்பிப் பிழைத்துப் பெருகியிருப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை.

மீதி 13 சதவீதம் பேர்? இந்தக் கேள்வியைக் கேட்கும்போது எல்லோருக்கும் ஒரு குறும்புச் சிரிப்பு வரும். கள்ள உறவு ஒரு காரணம்தான், ஆனால் ஒரே காரணம் அல்ல. தத்துப் பிள்ளை அப்பாவின் பெயரை எடுத்துக்கொள்வான், ஒய் வேறாக இருக்கும். கல்யாணமாகாத பெண்ணின் மகன் தாயின் பெயரில் வளர்வான். பெண்வழிச் சொத்துக்காகப் பெயரை மாற்றிக்கொண்டவர்களும் இங்கிலாந்தில் உண்டு. மேலே சொன்ன இரண்டாவது குடும்பத்தின் மிச்சமாகக்கூட இருக்கலாம். இவ்வளவையும் சேர்த்தும் ஒரு தலைமுறைக்கு ஒன்றிலிருந்து நாலரை சதவீதம்வரைதான் இப்படித் தடம் மாறியிருக்கும் என்பது அந்த ஆய்வின் மதிப்பீடு. அபூர்வப் பெயர்கள் வேறு ஆச்சரியங்களையும் தரும். இதே குழு 2007இல் யார்க்‌ஷயரின் ஓர் அபூர்வப் பெயரை ஆராய்ந்தபோது, 18 பேரில் 7 பேருக்கு மேற்கு ஆப்பிரிக்காவில் மட்டுமே காணப்பட்ட வகை ஒய் இருந்தது. அத்தனை பேரும் பார்வைக்கு வெள்ளைக்காரர்கள், விஷயம் அவர்களுக்கே புதிது. எந்தக் காலத்திலோ இங்கிலாந்துக்கு வந்த ஓர் ஆப்பிரிக்க மூதாதையின் தடம் அந்தப் பெயருக்குள் இருந்திருக்கிறது.

மனிதர்களிடம்தான் இந்தப் பெயர் குறைவு. ஃபிலிப்பைன்ஸின் பலவான் தீவில் எலி விழுகிற அளவுக்குப் பெரிய குடுவைச் செடி ஒன்றுக்கு டேவிட் அட்டன்பரோ பெயரை வைத்திருக்கிறார்கள். அழிந்துபோன ஒரு கடல் ஊர்வனவுக்கும் அவர் பெயர்தான். 2016இல் துருவ ஆராய்ச்சிக் கப்பலுக்குப் பெயர் கேட்டு இணையத்தில் வாக்கெடுப்பு நடந்தது. மக்கள் ‘போட்டி மெக்போட்ஃபேஸ்’ என்று கேலிப் பெயரை ஜெயிக்க வைத்தார்கள். அரசாங்கம் பதறிப்போய்க் கப்பலுக்கு டேவிட் அட்டன்பரோ பெயரையும், அதிலிருக்கும் குட்டி நீர்மூழ்கிக்கு மெக்போட்ஃபேஸையும் வைத்துச் சமாளித்தது.

உங்களுக்கு வேறு ஏதாவது ஆங்கிலப் பெயரின் பூர்வீகம் தெரிய வேண்டுமானால், அகராதியைத் திறப்பதற்கு முன் அந்த 1881 வரைபடத்தைப் பாருங்கள். ரயில் வந்துவிட்டாலும் ஜனங்கள் இன்னும் அதிகம் கலைந்துபோகாத காலம் அது. பெயர் ஒரே இடத்தில் குவிந்திருந்தால் அந்தப் பக்கத்து ஊர்ப் பெயர்களையும் பண்ணைப் பெயர்களையும் துழாவலாம். பிறகு தேவாலயப் பதிவேடுகள். அவை 1538இலிருந்து எழுதப்படுகின்றன, எல்லா ஊரிலும் தப்பிப் பிழைக்கவில்லை. எழுத்துக்கூட்டலை மட்டும் நம்ப வேண்டாம். ஒரே ஆளின் கல்யாணத்துக்கு ஒரு மாதிரியும் அவருடைய அடக்கத்துக்கு வேறு மாதிரியும் பாதிரியார் எழுதியிருப்பார். ஸ்மித், ஜோன்ஸ் மாதிரிப் பெயர் என்றால் இந்த வழி எடுபடாது.