ஒவ்வொரு துறைக்கும் தனித் துப்பாக்கி தேவையா? – கேள்வி பதில்

காவல்துறை அல்லாத அரசுத் துறைகள் தமக்கென்று ஆயுதம் ஏந்திய அலுவலர்களை வைத்துக்கொள்ளலாமா என்று பழைய வட ஆற்காட்டு வாசகர்கள் கேட்டவற்றுக்கு, வேலூர் நீதிமன்றங்களில் குற்ற வழக்குகளை நடத்திவரும் வழக்கறிஞர் ஒருவர் அளித்த பதில்கள்.

காட்பாடி வாசகர்: எங்கள் ரயில் நிலையத்தில் இரண்டு வகைக் காக்கிச் சட்டைகளைப் பார்க்கிறோம். எதற்கு இரண்டு?

ரயில்வே பாதுகாப்புப் படை 1957ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த மத்திய அரசின் படை. 1985ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை ஒன்றியத்தின் ஆயுதப்படை ஆக்கியது. ரயில்வே போலீஸ் என்பது தமிழ்நாடு காவல்துறையின் ஒரு பிரிவு. ரயில்வேயின் இரும்போ சரக்கோ திருடு போனால் 1966ஆம் ஆண்டு ரயில்வே சொத்துச் சட்டத்தின்படி பாதுகாப்புப் படை விசாரிக்கும். உங்கள் கைப்பை களவு போனால் போலீஸ்தான் வழக்குப் பதிவு செய்ய வேண்டும். பையைப் பறிகொடுத்த பதற்றத்தில், தோளில் துப்பாக்கி மாட்டியிருப்பவரிடம் ஓடுபவரை “அந்த ஆபீசுக்குப் போங்க” என்று அவர் கைகாட்டி அனுப்புவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எரிச்சலூட்டும் ஏற்பாடுதான். ஆயினும் எதைக் காப்பதற்காக அந்தத் துப்பாக்கி என்பது இதில் தெளிவாக இருப்பதால், நான் இதைக் குறை கூறமாட்டேன்.

ஜமுனாமரத்தூர் வாசகர்: வனத்துறையினருக்குத் துப்பாக்கி கொடுப்பது சரியா?

கொடுக்கலாம் என்பதே என் கருத்து. ஜவ்வாது மலையில் சந்தன மரம் வெட்டும் கூட்டத்தை நள்ளிரவில் எதிர்கொள்ளும் வனக்காப்பாளரிடம் ஒரு தடியும் டார்ச் விளக்கும் மட்டும் இருந்தால், அவர் திரும்பி வருவது எதிரே நிற்பவர்களின் இரக்கத்தைப் பொறுத்ததாகிவிடும்; அருகிலுள்ள காவல் நிலையத்திலிருந்து ஆள் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

ஆனால் இதே சந்தன மரத்தின் பெயரால்தான் 1992 ஜூனில் தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் சேர்ந்து புகுந்தன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். மூன்று துறைகளும் ஒன்றாய் நின்ற இடத்தில் புகாரை வாங்க எந்தத் துறையும் மீதமில்லை. உயர்நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட 1995 ஆயிற்று, தண்டனை கிடைக்க 2011 ஆயிற்று, அதனை உயர்நீதிமன்றம் உறுதிசெய்ய 2023 ஆயிற்று. உங்கள் மலையைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு, திருப்பதி அருகே சேஷாசலக் காட்டில் நடந்த துப்பாக்கிச்சூடு இன்னும் அருகில் நடந்தது போன்றதுதான். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரச் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை சுட்டதில் இறந்த 20 பேரில் பலர் திருவண்ணாமலை மாவட்டத்துக் கூலிகள். அந்தப் படையிலும் போலீசாரும் வனத்துறையினரும் கலந்தே இருந்தனர். ஆகவே சுடும் துறையும் அதைப் பற்றி விசாரிக்கும் துறையும் ஒன்றாக இருக்கக் கூடாது என்பதையே முதல் நிபந்தனையாக வைப்பேன்.

குடியாத்தம் வாசகர்: பாலாற்று மணல் லாரிகளைத் தடுக்கப் போகும் தாசில்தாருக்கும் விஏஓவுக்கும்?

வேண்டாம். 2023 ஏப்ரலில் தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில், மணல் கடத்தல் குறித்துப் புகார் அளித்த கிராம நிர்வாக அலுவலர் தம் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். அவரது மேசை இழுப்பறையில் ஒரு கைத்துப்பாக்கி இருந்திருந்தால் உயிர் பிழைத்திருப்பார் என்று என்னால் நம்ப முடியவில்லை; புகார் கொடுத்தவரைக் காவல்துறை தொடர்ந்து காத்திருந்தால் பிழைத்திருக்கலாம். தற்காப்பு உரிமை, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின்படி எல்லோருக்கும் உண்டு, அலுவலருக்கும் உண்டு. பட்டா மாறுதலுக்கு மனுவோடு நிற்கும் விவசாயி, இடுப்பில் துப்பாக்கி வைத்திருப்பவரிடம் எப்படிப் பேசுவார் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

ஆம்பூர் வாசகர்: தோல் தொழில் செய்கிறேன். அமலாக்கத்துறை சோதனைக்கு வருவோருடன் துப்பாக்கி ஏந்தியவர்கள் வருகிறார்களே, அவர்கள் யார்?

பெரும்பாலும் மத்திய ரிசர்வ் போலீஸ் அல்லது மத்திய தொழிலகப் பாதுகாப்புப் படையினர். துப்பாக்கி இரவல்தான்; நீங்கள் கவலைப்பட வேண்டியது அலுவலரின் பேனாவைப் பற்றி. போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. போதைப்பொருள் சட்ட அலுவலர்களுக்கும் இது பொருந்தும் என்று, தமிழ்நாட்டிலிருந்து சென்ற வழக்கில் 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அமலாக்கத்துறையினர் போலீஸ் அதிகாரிகள் அல்லர் என்று அதே நீதிமன்றம் 2022 ஜூலையில் கூறிவிட்டது; ஆகவே அவர்கள் எழுதி வாங்கும் வாக்குமூலம் உங்களுக்கு எதிரான சான்றாகலாம். கைது செய்யும் அதிகாரம் மட்டும் போலீசைப் போல, கட்டுப்பாடு போலீசைப் போல இல்லை என்னும் இந்த நிலையை ஆயுதத்தைவிட ஆபத்தானதாக நான் கருதுகிறேன்.

ராணிப்பேட்டை வாசகர்: அமெரிக்காவில் தபால் துறைக்கே ஆயுதப் பிரிவு உண்டாமே?

உண்டு. அங்கே துறைகளின் உள் கண்காணிப்புத் தலைமை அலுவலகங்கள் பலவற்றின் புலனாய்வாளர்களுக்கும் 2002ஆம் ஆண்டுச் சட்டம் துப்பாக்கியும் கைது அதிகாரமும் அளித்தது. அதை இங்கே பின்பற்ற நான் காரணம் காணவில்லை.

திருப்பத்தூர் வாசகர்: சுட்ட பிறகு யார் விசாரிக்க வேண்டும் என்கிறீர்கள்?

போலீஸ் என்கவுன்டர்களுக்கு உச்ச நீதிமன்றம் 2014 செப்டம்பரில் வழிமுறைகள் வகுத்தது. அதன்படி சிஐடியோ வேறு காவல் நிலையக் குழுவோ புலனாய்வு செய்ய வேண்டும், நடுவர் விசாரணை நடத்தி அதன் அறிக்கையை நீதித்துறை நடுவருக்கு அனுப்ப வேண்டும், சுட்ட ஆயுதம் ஒப்படைக்கப்பட வேண்டும். இவற்றை வனத்துறை, ரயில்வே ஆகியவற்றின் பணி விதிகளில் அப்படியே எழுதிச் சேர்க்க வேண்டும். கூடவே ஆயுதம் தாங்குவோரின் மனநலத்தையும் முறையாகச் சோதிக்க வேண்டும். 2023 ஜூலை 31 அன்று ஜெய்ப்பூர்–மும்பை ரயிலில் பாதுகாப்புப் படைக் காவலர் ஒருவர் தம் மேலதிகாரியையும் மூன்று பயணிகளையும் சுட்டுக் கொன்றது, காவலுக்கென்று கொடுத்த துப்பாக்கியால்தான். இவ்விதிகள் வந்த பின்பு எந்தத் துறை ஆயுதம் கேட்டாலும், அந்தக் கோரிக்கையைத் தனித்தனியே பரிசீலிக்கலாம்.