ஸ்கைரிம்: ஊர் சுற்றலாம், ஊர் மாறாது

கேள்வி: அண்ணன் விட்டுப்போன லேப்டாப் இருக்கிறது. 8 ஜிபி ராம், சுமாரான கிராபிக்ஸ் கார்டு. ‘ஸ்கைரிம்’ விளையாடாதவனெல்லாம் கேமைப் பற்றிப் பேசவே கூடாது என்கிறார்கள் ஹாஸ்டலில். 2011-இல் வந்த கேமை இப்போது போய் வாங்கலாமா?
(கல்லூரி மாணவர், திருச்சி)

பதில்: தாராளமாக வாங்குங்கள். 2016-இல் வந்த ஸ்பெஷல் எடிஷன் குறைந்தபட்சமாகக் கேட்பதே 8 ஜிபி ராமும் 12 ஜிபி இடமும்தான். செட்டிங்ஸைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் ஓடிவிடும்.

இந்த கேமின் பலம் கதை இல்லை, டிராகனும் மந்திரமும் இருக்கும் ஒரு கற்பனை நாட்டில் ஊர் சுற்றுவது. ஆரம்பத்தில் ரிவர்வுட் என்ற ஆற்றங்கரைக் கிராமத்திலிருந்து பக்கத்திலிருக்கும் வைட்ரன் நகரத்துக்குப் போய்த் தகவல் சொல்லச் சொல்வார்கள். டிராகன் வந்துவிட்டது, அவசரம். நான் போய்ச் சேர நாலு நாள் ஆனது. வழியில் ஒரு நீலப் பூவைப் பறித்தேன். செடி கொடிகளைத் தின்று பார்த்தால் அதன் முதல் குணம் தெரியும். ஒவ்வொன்றுக்கும் நாலு குணம் உண்டு. மற்றவை கலந்து பார்த்தால்தான் தெரியவரும். அந்த நீலப் பூவோடு கோதுமையைக் கலந்தால் காயம் ஆற்றும் மருந்து. இதைக் கண்டுபிடித்த இரவு நான் எதிரி ஒருவரையும் தொடவில்லை.

அப்புறம் மலைமேல் தெரியும் பாழடைந்த கல்லறைக் கோயில். உள்ளே மூன்று வளையம் வைத்த கதவு. வளையங்களில் மிருக உருவங்கள். அரைமணி நேரம் திருகித் திருகிப் பார்த்தேன், திறக்கவில்லை. விடை கையில் வைத்திருந்த, டிராகன் பாதம் மாதிரி செய்த தங்கப் பொருளின் உள்ளங்கைப் பக்கம் செதுக்கியிருந்தது! பைக்குள் இருக்கும் பொருளைத் திருப்பிப் பார்க்கலாம் என்றே எனக்குத் தோன்றவில்லை. வழியில் செத்துக் கிடந்த திருடனின் டைரியில் ஒரே வரியில் துப்பு இருந்தது. அதை நான் படிக்காமல் விட்டிருந்தேன். இப்படிப்பட்ட இடங்களில் ஸ்கைரிமை அடித்துக்கொள்ள ஆளில்லை. ராத்திரிப் பனியில் நடக்கும்போது ஜெரமி சோல் இசையை ஹெட்போனில் கேளுங்கள். லேப்டாப் ஸ்பீக்கர் வேண்டாம்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகன் இதைத்தான் கேட்கிறான். கொடுக்கலாமா?
(ஒரு தாய், ஈரோடு)

பதில்: இப்போது வேண்டாம் அம்மா. அமெரிக்கத் தரப்பட்டியலில் 17 வயதுக்கு மேல், ஐரோப்பாவில் 18. தலை வெட்டும் காட்சியே கேம் தொடங்கிச் சில நிமிடங்களில் வந்துவிடும். ஒரு ஆறுதல்: இது தனியாக விளையாடுவது, முகம் தெரியாதவர்களோடு அரட்டை கிடையாது. மூணு நாலு வருடம் பொறுக்கச் சொல்லுங்கள். கேம் எங்கேயும் போகாது, திரும்பத் திரும்ப வெளியிட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

கேள்வி: எல்லோரும் புகழ்கிறார்கள். எனக்கு 40 மணி நேரத்தில் சலித்துவிட்டது. ரசனைக் கோளாறா?
(வங்கி ஊழியர், மதுரை)

பதில்: இல்லை சார். சலிப்பு சரியான இடத்தில்தான் வந்திருக்கிறது. சுற்றிப் பார்க்கும் ஆசை தீர்ந்ததும், நாம் செய்த எதுவும் அந்த உலகத்தைத் தொடவில்லை என்பது தெரிய ஆரம்பிக்கும்.

என் கதையைக் கேளுங்கள். முழு இரும்புக் கவசம், கையில் கதாயுதம். தெரிந்த மந்திரம் ரெண்டே ரெண்டு. அதை வைத்துக்கொண்டு விண்டர்ஹோல்ட் மந்திரக் கல்லூரிக்குத் தலைமை மந்திரவாதி ஆகிவிட்டேன். ஒரு அறை கொடுத்தார்கள், ஒரு அங்கி கொடுத்தார்கள். அதோடு சரி. நிர்வாகம் என்று ஒன்றும் கிடையாது. அதே ஆள் திருடர் சங்கத்துக்கும் தலைவர், கூலிப்படை வீரர்களுக்கும் தலைவர். நம்மூரில்கூட ஒருத்தருக்கு இத்தனை பதவி கொடுக்க யோசிப்பார்கள்.

உள்நாட்டுப் போரும் அப்படித்தான். பேரரசுப் பக்கமோ கலகக்காரர் பக்கமோ சேர்ந்து கோட்டை கோட்டையாகப் பிடிக்கிறோம். கடைசியில் சில அரண்மனைகளில் ஆள் மாறுகிறார். வெளியே சந்தையில் காய் விற்கும் அம்மாவிடம் அதே முட்டைக்கோஸ்.

லெவல் ஏறும் கணக்கிலும் எனக்கு வருத்தம் உண்டு. எந்தத் திறமை வளர்ந்தாலும் மொத்த லெவல் கூடும்; அதற்கேற்ப எதிரிகளும் வளர்வார்கள். நான் உலைக்களத்தில் நின்று இரும்புக் கத்தியாக அடித்துத் தள்ளி லெவல் ஏற்றினேன். வெளியே வந்தால் கொள்ளைக்காரன் ஒருவன் ரெண்டே அடியில் சாய்த்துவிட்டான். நான் வளர்ந்தது கொல்லனாக. அவன் வளர்ந்தது கொள்ளைக்காரனாக.

இன்னொன்று, திசை காட்டும் அம்புக்குறி. அதை அணைத்துவிட்டு நாமே இடத்தைத் தேடலாம் என்றால் முடியாது. பெரும்பாலும் இடத்துக்கு வழி சொல்லவே மாட்டார்கள். இதே வரிசையில் 2002-இல் வந்த மாரோவிண்டில், ‘பாலம் தாண்டி இடது பக்கம் திரும்பு’ என்கிற மாதிரி வழி சொல்லி அனுப்புவார்கள். தொலைந்து போவோம்தான். ஆனால் கண்டுபிடித்தால் அது நாம் கண்டுபிடித்ததாக இருக்கும்.

திரும்ப முயல்வதென்றால் ரசிகர்கள் செய்த பிழைத்திருத்த ‘மாட்’ (கேமோடு சேர்க்கும் கூடுதல் கோப்பு) ஒன்றை மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். நொடிக்கு 60 பிரேமுக்கு (திரையில் மாறும் படங்களுக்கு) மேல் ஓடவிட்டால் மேஜையிலிருக்கும் தட்டும் கோப்பையும் தானாக எகிறும், அதையும் பூட்டி வையுங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள். 40 மணி நேரம் சந்தோஷமாக இருந்தீர்கள், பணம் வசூலாகிவிட்டது.

கேள்வி: பத்து இனத்தில் எதைத் தேர்ந்தெடுப்பது?
(பிளஸ் டூ முடித்தவர், நாகர்கோவில்)

பதில்: எதையும். நான் மூன்று முறை தொடங்கினேன்: பூனை முகக் கஜீத், பல்லி உடம்பு ஆர்கோனியன், வாள்வீரனாகவே வாழ்வது என்று சத்தியம் செய்து ஒரு ஓர்க். மூன்று பேருமே இருபதாவது லெவலில் கையில் வில்லோடு இருட்டில் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். பதுங்கி எய்தால் அம்புக்கு அவ்வளவு வலு. தலையில் அம்பு குத்தி நிற்கும் கொள்ளைக்காரன் கொஞ்ச நேரம் தேடிவிட்டு, காற்றாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டு பழைய இடத்துக்கே போய் நிற்பான். அடுத்த அம்பை எடுக்காமல் இருக்க உங்களால் முடிந்தால் எனக்கு எழுதுங்கள்.