ரொட்டி வெட்டும் இயந்திரம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரிட்டிஷ் எழுத்தாளர் மார்க் ஹேடனின் ‘தி க்யூரியஸ் இன்சிடென்ட் ஆஃப் த டாக் இன் த நைட்-டைம்’ நாவலைச் சென்ற வாரம் ஒரே மூச்சில் வாசித்தேன். கணக்கில் கெட்டிக்காரனான கிறிஸ்டோபர் என்ற பையன், கொல்லப்பட்ட ஒரு நாயைப் பற்றித் துப்புத் துலக்கித் தானே சொல்லும் கதை. பல இடங்களில் அழுதேன். ஆட்டிசம் என்றால் என்ன என்று இப்போதுதான் முழுமையாகப் புரிந்தது. அக்காவிடம் கொடுத்தேன். அவள் மகனுக்கு ஆட்டிசம். பதினொரு வயது, பேச்சு வரவில்லை. பாதியில் திருப்பித் தந்துவிட்டாள். “என் பையன் கணக்கும் போடமாட்டான், போலீஸையும் அடிக்கமாட்டான். இது யாருடைய கதை?” என்றாள். இந்த நாவல் பொய்யா? நான் மேல்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. ஏப்ரல் 2, ஆட்டிசம் விழிப்புணர்வு நாளை ஒட்டிப் பதினொன்றாம் வகுப்பில் இதை வாசிக்க வைக்கலாமா? ஆட்டிசத்துக்கு ‘மதியிறுக்கம்’ என்பது சரியான சொல்தானா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சொல்லைப் பற்றி நான் மல்லுக்கட்டுவதில்லை. வீடுகளில் ஆட்டிசம் என்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன்.

‘முழுமையாகப் புரிந்தது’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத்தான் என்னால் தாண்டிப்போக முடியவில்லை. இருநூற்றுச் சொச்சம் பக்கத்தில் எதை முழுமையாகப் புரிந்துகொண்டீர்கள்? 2003இல் வந்த நாவலின் உள்ளே ஆட்டிசம் என்ற சொல்லே கிடையாது. பேச்சுத் தடையில்லாத ஆட்டிச வகையைக் குறித்த ‘ஆஸ்பெர்கர்’ என்ற சொல் முதல் பதிப்பின் அட்டையில்தான் இருந்தது. அதற்காகப் பின்னால் வருந்திய ஹேடன், தான் இதில் நிபுணன் அல்ல, பெரிதாக ஆராய்ச்சி எதுவும் செய்யவில்லை என்று 2009இல் வெளிப்படையாகவே எழுதினார். எழுதியவரே கைகழுவிய சான்றிதழை நீங்கள் அக்காவிடம் கொண்டுபோய் நீட்டியிருக்கிறீர்கள்.

அக்கா பாதியில் மூடியது நியாயம். 1943இல் குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர் ஆட்டிசம் பற்றி எழுதிய முதல் கட்டுரையில் பதினொரு குழந்தைகள். அதில் மூன்று பேருக்குப் பேச்சு வரவில்லை. ஆக, அக்கா மகனைப் போன்ற பிள்ளைகள் தொடக்கத்திலிருந்தே கணக்கில் இருக்கிறார்கள். கதைகளில்தான் இல்லை. ‘நான்’ என்று கதை சொல்ல வாயாடி ஒருவன் வேண்டும். அந்த வடிவமே பேசாத பிள்ளையை வாசலில் நிறுத்திவிடுகிறது. கணக்கு விஷயமும் அப்படித்தான். அபார நினைவாற்றல் கொண்ட ஆட்டிச நாயகனைக் காட்டி 1988இல் வந்த ‘ரெயின் மேன்’ என்ற ஹாலிவுட் படத்துக்குத் தூண்டுதல் கிம் பீக் என்பவர். மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புக்கற்றை அவருக்குப் பிறவியிலேயே இல்லை. அவருக்கு இருந்தது ஆட்டிசம் அல்ல என்றே பின்னாளில் கருதப்பட்டது. உலகம் பிடித்துக்கொண்டதோ ‘ஆட்டிசம் என்றால் அபார நினைவாற்றல்’ என்பதை. கல்யாண வீட்டில் யாராவது ஒரு மாமா உங்கள் அக்காவிடம் “பையனுக்கு என்ன ஸ்பெஷல் டேலன்ட்?” என்று கேட்டிருப்பார். அவள் என்ன பதில் சொன்னாள் என்று கேட்டுப் பாருங்கள்.

அந்தப் போலீஸ் விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்ச நாளாகவே மனதில் கிடந்ததுதான், உங்கள் கடிதம் கிளறிவிட்டது. நாவலை வாசித்த யாரைக் கேட்டாலும் “அந்தப் பையன் போலீஸை அடிப்பானே” என்கிறார்கள். ஆட்டிசம் உள்ள வாசகர்களுக்கு இந்த நாவல்மேல் உள்ள பெரிய கோபங்களில் ஒன்றும் அதுதான். ‘எங்களை முரடர்களாக்கிவிட்டது’ என்கிறார்கள். கோபம் நியாயமானது. ஆனால் பக்கத்தைத் திறந்து வரிசையைப் பாருங்கள்.

நள்ளிரவு தாண்டி ஏழு நிமிடம். எதிர்ச்சாரி வீட்டு நாயைத் தோட்ட முள்கரண்டியால் குத்திப் போட்டிருக்கிறார்கள். பதினைந்து வயது கிறிஸ்டோபர் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறான். போலீஸ்காரர் வருகிறார். வயது என்ன, தோட்டத்தில் என்ன செய்தாய், நாயை ஏன் பிடித்துக்கொண்டிருந்தாய், நீதான் கொன்றாயா? கேள்விகளும் அதிகம், வேகமும் அதிகம். வயதைக் கேட்டால் ஆண்டு, மாதம், நாள் என்று மூன்றும் சொல்பவன் அவன். பதில் சரியாக இருக்கவேண்டும் என்பதால் நேரம் பிடிக்கிறது. கேள்விகள் மண்டைக்குள் ரொட்டிகள்போல் குவிகின்றன என்கிறான். அவன் மாமா வேலை செய்யும் ரொட்டித் தொழிற்சாலையில் வெட்டும் இயந்திரம் சில சமயம் பின்தங்கிவிடும், ரொட்டியோ வந்துகொண்டே இருக்கும், அடைத்துக்கொள்ளும். உருவகங்களைப் பொய் என்று ஒதுக்குகிறவன் தரும் உவமை இது. இதைவிடத் துல்லியமாக யாரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

அடைத்துக்கொண்டதும் அவன் அடிக்கவில்லை. புல்லில் உருண்டு, நெற்றியைத் தரையில் அழுத்தி முனகுகிறான். வெளிச்சத்தம் தாங்கவில்லை என்றால் உள்ளிருந்து ஒரு சத்தத்தை எழுப்பி அதை மூடுவது. ரேடியோவை இரண்டு நிலையங்களுக்கு நடுவே வைத்து வெறும் இரைச்சலைக் காதோடு ஒட்டிக் கேட்பதும் இதற்குத்தான். அதாவது வால்வு திறந்துவிட்டது, ஆவி வெளியேறுகிறது. போலீஸ்காரர் அப்போது என்ன செய்கிறார்? கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்துகிறார். அதன்பிறகுதான் அடி.

கேள்வி, கேள்வி, அடைப்பு, முனகல், தொடுகை, அடி. ஆறு கண்ணிகள். வாசகர் வீட்டுக்கு எடுத்துப்போவது ஆறாவதை மட்டும். முதல் ஐந்தையும் ஹேடன் பக்கத்திலேயே வைத்திருக்கிறார். இதில் அவர்மேல் எனக்குக் குறையில்லை, உங்கள்மேல்தான். நீங்களும் அழுதீர்களே தவிர எண்ணவில்லை.

உங்கள் அக்காவைக் கேளுங்கள், சங்கிலியை எங்கே வெட்டவேண்டும் என்று சொல்வாள். இரண்டாவது கேள்விக்கு முன். ஒன்று கேள், நிறுத்து. மனதுக்குள் பத்து, தேவைப்பட்டால் இருபது எண்ணு. பதில் வரவில்லை என்று அதையே வேறு வார்த்தையில் கேட்காதே, அவனுக்கு அது இன்னொரு ரொட்டி. முனகல் வந்துவிட்டால் பேச்சை நிறுத்து, விளக்கைக் குறை, கூட்டத்தை விலக்கு, கையைப் பிடிக்காதே. சாலையில் ஓடுகிறான் என்றால் பிடித்துத்தான் ஆகவேண்டும், அது வேறு. நல்லெண்ணத்தோடு முதுகைத் தடவிக்கொடுக்கும் பெரியம்மாக்களால்தான் முக்கால்வாசிக் காரியம் கெடுகிறது.

அடுத்து வரும் லாக்கப் காட்சியை யாரும் பேசுவதில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்ற முயன்றபோது கத்தியவன், இரண்டு மீட்டர் கனசதுரமாக இருக்கும் அந்த அறைக்குள் நிம்மதியாக இருக்கிறான். அங்கே கேள்வி கிடையாது, தொடுவதற்கும் ஆளில்லை. அப்பா வருகிறார். கட்டிப்பிடிக்கவில்லை. வலது கையை விசிறிபோல் விரித்துக் காட்டுகிறார். மகன் இடது கையை விரித்து விரல்நுனிகளோடு ஒட்டவைக்கிறான். ‘பாசமே கிடையாது’ என்கிறவர்கள் இந்த இடத்தை எப்படித் தாண்டிப்போனார்கள்?

‘எதையும் வார்த்தைக்கு வார்த்தைதான் எடுத்துக்கொள்வான், பாவம்’ என்பதும் அரைகுறை வாசிப்பு. நாயின் சொந்தக்காரியை விட்டுப்போன ஷியர்ஸ் என்பவரைப் பற்றி, அந்த ஆளின் பெயரை இந்த வீட்டில் எடுக்காதே என்கிறார் அப்பா. அவன் வெளியே போய் அதே பெயரைச் சொல்லி விசாரிக்கிறான், தடை வீட்டுக்குள்தான் என்று. ஊரில் இதற்குப் பாவம் என்று சொல்லமாட்டார்கள், வக்கீல் மூளை என்பார்கள்.

பள்ளியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வையுங்கள். முழு நாவலும் வேண்டாம், நாய் செத்துக் கிடப்பதிலிருந்து லாக்கப் வரை போதும். ஒரு மாணவன் போலீஸ்காரரின் கேள்விகளை அவர் வேகத்திலேயே கேட்கட்டும், இன்னொருவன் ஒவ்வொன்றுக்கும் யோசித்துப் பதில் சொல்லட்டும். மற்றவர்கள் எத்தனை பதில் பாதியில் அறுந்தது என்று எண்ணட்டும். நாவல் நெடுக வசைச்சொற்கள் கிடக்கின்றன, தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.